சிறை வேனுக்கும் நீதிமன்ற லாக்கப்புக்கும் எந்தக் கைபேசி முறை? ஓர் ஒப்பீடு

கைதியைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், அங்கே லாக்கப்பில் வைத்திருந்து, நீதிபதி முன் நிறுத்தி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பல இடங்களில் இன்றும் இந்த வேலையை நடத்துவது ஒரு பதிவேடும், ஒரு கட்டு வாரன்டும், கைதியோடு கூடப்போகும் வழிக்காவல் குழுத் தலைவரின் ஞாபகசக்தியும்தான். இதைக் கைபேசிக்கு மாற்ற நினைக்கும் துறையின் முன்னால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. முடிவெடுக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் விலைப்பட்டியலையும் வசதிப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நான் வேறொன்றை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு மனிதர் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும் அந்த ஓரிரு நிமிடங்களில் எந்த முறை உண்மையில் கைகொடுக்கிறது? இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறுகளில் பல அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

மாலை நேரத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

செயலி விற்க வருபவர்கள் காலை நேரத்தைத்தான் காட்டுவார்கள். பட்டியலில் பன்னிரண்டு பேர், வேனில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பச்சை டிக் குறிகள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காலை வேலை ஒப்பீட்டளவில் சுலபம். எல்லோரும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறார்கள், ஒரே பட்டியல்.

மாலையில் அந்தப் பட்டியல் சிதறிவிடும். ஒருவருக்கு ஜாமீன் கிடைத்திருக்கும். இன்னொருவருக்குக் காவல் நீட்டிப்பு, புது வாய்தா தேதி. மூன்றாமவருக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது, அவர் வேறு சிறைக்குப் போக வேண்டும். நான்காமவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய நீதிபதி உத்தரவு போட்டிருப்பார், அந்த உத்தரவு இன்னும் தட்டச்சு ஆகிக்கொண்டிருக்கும். ஐந்தாமவர் கதைதான் சிக்கலானது. அவர் மேல் இரண்டு வழக்குகள். இன்று வந்த வழக்கில் ஜாமீன், மற்ற வழக்கில் இன்னும் காவல். இன்றைய உத்தரவை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அவர் விடுதலையாக வேண்டியவர். சிறையில் இருக்கும் கோப்புக்கோ அவர் திரும்பி வர வேண்டியவர்.

இதெல்லாம் அரை மணி நேரத்துக்குள் நடக்கும். நீதிமன்ற ஊழியர்கள் கிளம்பும் நேரம், வழிக்காவலர்கள் காலை முதல் நின்ற களைப்பில் இருக்கும் நேரம், கைபேசியில் சார்ஜ் தீரும் நேரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2025 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் 262 கைதிகள் தவறுதலாக விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை 115. வசதியும் ஒழுங்கும் உள்ள ஒரு அமைப்பிலேயே நிலைமை இப்படி. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. விடுதலை உத்தரவு வந்த பிறகும் தாள் வந்து சேரவில்லை என்பதற்காக ஒருவர் இன்னொரு இரவைச் சிறையில் கழிப்பது செய்தியாகக்கூட வராது. ஆனால் அதுவும் ஒருவருடைய சுதந்திரத்தைச் சட்டம் இல்லாமல் பறிப்பதுதான்.

ஆகவே எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அந்த ஐந்தாமவரை இது எப்படிக் கையாளும்?

காகிதம்: பழையது என்பதாலேயே மோசமில்லை

பதிவேட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் 2015 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நெல்சன் மண்டேலா விதிகள் அதை ஒதுக்கிவிடவில்லை. கைதிகள் பற்றிய ஆவணங்கள் மின்னணுத் தரவுத்தளமாக இருக்கலாம், அல்லது பக்க எண்ணும் கையொப்பமும் இட்ட பதிவேடாக இருக்கலாம் என்கிறது 6-ஆவது விதி. எந்த வடிவமானாலும் யார் எதைப் பதிந்தார்கள் என்ற தடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும், அனுமதி இல்லாதவர் பார்க்கவோ திருத்தவோ முடியக் கூடாது. இதுதான் நிபந்தனை. நன்றாக நடத்தப்படும் பதிவேடு இதில் தேறிவிடும். கண்டபடி திருத்த முடிகிற கணினிக் கோப்பு தேறாது.

காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஆனால் அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். கைதிக்கு வலிப்பு நோய் உண்டு என்று சிறை மருத்துவர் எழுதிய குறிப்பு சிறைக் கோப்பில் இருக்கும், நீதிமன்ற லாக்கப்பில் காவலுக்கு நிற்பவர் கையில் இருக்காது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் இங்கிலாந்து, வேல்ஸில் ஒவ்வொரு கைதியோடும் கூடவே போகும் வழிக்காவல் படிவம் வந்தது. உடல்நலம், தற்கொலை எண்ணம், வன்முறை ஆபத்து, மருந்து எல்லாம் அதில் இருக்கும். பல ஆண்டுகள் காகிதமாக இருந்த அந்தப் படிவம் இப்போது மின்னணு வடிவத்துக்கு வந்துவிட்டது.

காகிதத்தின் இன்னொரு பலவீனம் இன்னும் ஆழமானது. பார்க்காமலே பார்த்ததாக எழுத அது இடம் கொடுக்கும். 2019 ஆகஸ்டில் நியூயார்க் சிறையொன்றில், பாலியல் குற்ற வழக்கில் காவலில் இருந்த பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்த இரவில் பணியில் இருந்த இரண்டு காவலர்கள், சுற்றிவந்து பார்த்ததாகப் பொய்யாகப் பதிவு செய்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். படிவம் நிரம்பியிருந்தது, அறை வாசலுக்கு யாரும் போகவில்லை. நீதிமன்ற லாக்கப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. குறித்த இடைவெளியில் ஒவ்வொரு அறையையும் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கும், மாலையில் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் எல்லா நேரங்களும் நிரப்பப்பட்டிருக்கும்.

வாட்ஸ்அப் குழு: யாரும் தேர்ந்தெடுக்காத தேர்வு

துறை முடிவெடுக்கத் தாமதித்தால் ஊழியர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு குழு ஆரம்பிக்கும். வாரன்டைப் படமெடுத்துப் போடுவார்கள், “கிளம்பிட்டோம்”, “வந்து சேர்ந்தாச்சு” என்று செய்தி வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை நடத்த வழியில்லாதபோது கையில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள், அது வேலையும் செய்கிறது.

பிரச்சினை அங்கே என்ன தங்குகிறது என்பதில்தான். கைதியின் பெயர், வழக்கு, நோய், சில சமயம் முகம் எல்லாம் ஊழியர்களின் சொந்தக் கைபேசிகளில் குடும்பப் படங்களோடு சேர்ந்து கிடக்கும். ஒருவர் மாறுதலாகிப் போன பிறகும் அவர் கைபேசியில் அது இருக்கும். செய்தியை நீக்கலாம், குழு கலைக்கப்படலாம். ஆறு மாதம் கழித்து, “மாலை 5.10-க்கு இவரை யார் யாரிடம் ஒப்படைத்தார்கள்?” என்று நீதிமன்றம் கேட்டால் நாற்பது கைபேசிகளைத் துழாவ வேண்டும். சட்ட அமலாக்கத் தரவுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/680 உத்தரவில் 25-ஆவது பிரிவு, தரவைச் சேர்த்தது, மாற்றியது, பார்த்தது, பகிர்ந்தது, அழித்தது எல்லாவற்றுக்கும் தடம் வேண்டும் என்கிறது. அரட்டைக் குழுவால் அந்தத் தடத்தைத் தரவே முடியாது.

இன்னொன்று, குழுவுக்கு எச்சரிக்கத் தெரியாது. ஒரே வழக்கில் ஒருவருக்கு எதிராக இன்னொருவர் சாட்சி சொல்லப்போகிறார், இருவரையும் வேனின் ஒரே பெட்டியில் ஏற்றக் கூடாது. அந்தத் தகவல் நேற்றைய ஏதோ ஒரு செய்தியில் இருக்கலாம். ஏற்றும் நேரத்தில் அது தானாக எழுந்து வந்து தடுக்காது.

குழுவைத் தடை செய்து சுற்றறிக்கை விடுவது மட்டும் போதாது. மாற்று வழி கைக்கு வரும் அன்றுதான் தடை எடுபடும். அதற்கு முன் விட்டால் குழு பெயரை மாற்றிக்கொண்டு தொடரும்.

ஜிபிஎஸ் பெட்டி: வண்டி எங்கே என்று மட்டும் தெரியும்

வேனில் ஒரு ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி, கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை வைப்பதுதான் துறைகள் முதலில் வாங்க ஆசைப்படுவது. விரைவில் முடியும், ஊழியர் எதுவும் கற்க வேண்டாம், திறப்பு விழாவில் காட்டலாம். இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் அஞ்சுவதும் இதைத்தான். பயனில்லாத கருவி என்பதால் அஞ்சவில்லை. அதை வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதென்ற நிம்மதி மேலிடத்துக்கு வந்துவிடுகிறது என்பதால் அஞ்சுகிறேன்.

2008 ஜனவரி 27 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் லாவர்டனிலிருந்து கால்கூர்லிக்கு ஒரு பழங்குடி மூத்தவரைத் தனியார் நிறுவனத்தின் வேனில் கொண்டுபோனார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்பதுதான் அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு. ஏறத்தாழ 360 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் பயணம். வெளியே 40 டிகிரிக்கு மேல் வெயில், அவர் இருந்த பின்பெட்டியில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. வெப்பத்தாக்கால் இறந்துபோனார். அந்த வேனை வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? சரியான பாதை, சரியான வேகம். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி, அது எல்லை தாண்டினால் ஓட்டுநருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கை, இன்ன நேரத்துக்கொருமுறை நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்துப் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், இவைதான் அவருக்குத் தேவைப்பட்டன.

2013 ஆகஸ்ட் 18 அன்று எகிப்தில் அபு சாபல் சிறைக்கு 45 பேரை ஒரே வேனில் அடைத்துக் கொண்டுபோனார்கள். வேன் சிறை வளாகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. வரைபடக் கணக்கில் பயணம் முடிந்த கதை. ஆனால் உள்ளே இருந்தவர்களை இறக்காமல் வெயிலில் பல மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள், கடைசியில் உள்ளே கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டது. 37 பேர் இறந்தார்கள். அங்கே நடந்தது கொடுமை. எந்தச் செயலியும் கொடுமையைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை பேர் உள்ளே, எப்போதிலிருந்து கதவு திறக்கவில்லை என்ற இரண்டு எண்கள் வெளியே ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், பிறகு மறுக்க முடியாத பதிவாவது மிஞ்சும். வெளிச்சமும் காற்றோட்டமும் போதாத வண்டியில் கைதிகளைக் கொண்டுபோகக் கூடாது என்று மண்டேலா விதிகளின் 73-ஆவது விதி நேரடியாகவே சொல்கிறது. ஜிபிஎஸ்ஸை விட வெப்பமானிக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் முன்னுரிமை கொடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இருப்பிடத் தகவலே ஆபத்தாகவும் முடியலாம். 2024 மே 14 அன்று பிரான்சில் இன்கார்வில் சுங்கச்சாவடியில் ஒரு சிறை வேனை ஆயுதம் தாங்கியவர்கள் மறித்து இரண்டு சிறை அதிகாரிகளைச் சுட்டுக் கொன்று கைதியை மீட்டுச் சென்றார்கள். நீதிமன்றத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வேன் அது. வேன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட ரகசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாடகை வண்டிக்கும் பார்சல் லாரிக்கும் செய்த அதே கண்காணிப்புச் சேவையை அப்படியே வாங்கி, நேரலை வரைபடத்துக்கான கடவுச்சொல்லைப் பலரிடம் கொடுத்து வைப்பது வழிக்காவலர்களின் உயிரையே பணயம் வைப்பது.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். பழைய கருவிகள் 2ஜி, 3ஜி சிம்மில் ஓடுபவை. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜி நிறுத்தப்பட்டது, மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய பெட்டி ஒரு நாள் காலையில் ஊமையாகிவிடும்.

ஒப்படைப்புச் செயலி: வேலையின் நடுவே நிற்கும் ஒரே வழி

அடுத்த வழி, துறையே கொடுக்கும் கைபேசியில் ஆளை மையமாக வைத்து இயங்கும் செயலி. கைதி சிறை வாசலில் வருகிறார், அவர் மணிக்கட்டுப் பட்டையை வழிக்காவலர் ஸ்கேன் செய்கிறார். திரையில் படம், பெயர், போக வேண்டிய நீதிமன்றம், எச்சரிக்கைகள். சிறை அலுவலர் தன் அடையாளத்தைப் பதிந்து ஒப்படைக்கிறார், வழிக்காவலர் தன்னுடையதைப் பதிந்து பொறுப்பேற்கிறார். லாக்கப்பில் மறுபடி ஒரு முறை, நீதிமன்ற அறைக்கு ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை. எந்த நிமிடத்தில் கேட்டாலும் இவர் யார் பொறுப்பில் இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் பதிலாக வரும். ஒப்படைத்தவரும் ஏற்றவரும் இருவருமே பதியாமல் பொறுப்பு மாறாது என்பதுதான் இதன் உயிர். ஒருவர் மட்டும் தட்டினால் போதும் என்று வைத்த செயலிகளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மேலே சொன்ன ஐந்தாமவர் விஷயத்துக்கு வருவோம். ஜாமீன் உத்தரவைப் பதிந்ததும் செயலி வேறு வழக்கில் காவல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் “விடுவிக்க” என்ற பொத்தானே வரக் கூடாது. இது நடக்க வேண்டுமானால் செயலி சிறைத் தரவுத்தளத்தோடும் நீதிமன்றத் தரவுத்தளத்தோடும் பேச வேண்டும். அந்த இணைப்பு இல்லாத செயலி வெறும் அழகான பதிவேடுதான். ஒப்பந்தத்துக்கு முன் விற்பனையாளரிடம் இந்த ஒரு காட்சியை மட்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல விளக்கக்காட்சிகள் அங்கேயே நின்றுவிடும்.

சிக்னல் இன்னொரு பெரிய சோதனை. நீதிமன்ற லாக்கப் பெரும்பாலும் அடித்தளத்தில் இருக்கும், தடித்த கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது. வேனின் பின்பெட்டியோ முழுக்க இரும்பு. செயலி அதிகம் தேவைப்படும் இரண்டு இடங்களிலும் டவர் எடுக்காது. எனவே இணைப்பு இல்லாமலே முழு வேலையும் நடக்க வேண்டும். ஸ்கேன், பொறுப்பு மாற்றம், உடல்நலக் குறிப்பு எல்லாம் கருவியிலேயே பூட்டிய வடிவில் சேமிக்கப்பட்டு, சிக்னல் வந்ததும் மேலே போய்ச் சேர வேண்டும். இதில் நுணுக்கமான ஒரு சிக்கல் உண்டு. இணைப்பு இல்லாத நேரத்தில் கைபேசியின் கடிகாரத்தை யாராவது மாற்றி வைத்தால் பதிவின் நேரமும் பொய்யாகிவிடும். கருவியின் நேரத்தை ஊழியரால் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறதா, நிகழ்வு நடந்த நேரமும் மேலே வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியாகப் பதிவாகின்றனவா என்று கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் கேட்கப்போகும் கேள்வியும் இதுதான்.

ஆளை அடையாளம் காண எதை நம்புவது? முகம் பார்த்து அடையாளம் காணும் வசதியைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுவார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பல முக அடையாள மென்பொருள்கள் ஒருவரை இன்னொருவராகத் தவறாகக் காணும் விகிதம் இனம், பாலினம், வயதுக்கு ஏற்ப மாறுகிறது என்று தெரிந்தது. கறுப்பினத்தவர், ஆசியர் முகங்களில் பல மென்பொருள்கள் வெள்ளையர் முகங்களைவிட அதிகம் தவறின. ஒருவரை வெளியே விடுவதா உள்ளே வைப்பதா என்று முடிவாகும் இடத்தில் அந்தத் தவறு பொறுக்கத்தக்கதல்ல. கைரேகை பரவாயில்லை, ஆனால் கடினமான உடலுழைப்பில் ரேகை தேய்ந்தவர்களிடமும் ஈரக்கையிலும் திணறும். பார்கோடு பட்டை, திரையில் தெளிவான படம், “உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன” என்று கேட்டு வாங்கும் பதில், இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டால் களைத்துப் போனவர் எதற்கும் தலையாட்டுவார். பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

லாக்கப் அறைகளின் கதவில், கைபேசி அருகே வந்தால் மட்டும் படிக்கும் சிறிய என்எஃப்சி வில்லை ஒட்டிவிட்டால், கைபேசியை அதன்மேல் வைத்தால்தான் “பார்த்தேன்” என்று பதிவாகும். மேசையில் உட்கார்ந்தபடி எழுதும் பழக்கம் அதோடு முடியும். வேனின் பின்பெட்டியில் கடைசி இருக்கைக்கு மேல் ஒரு பார்கோடு ஒட்டி, அதை ஸ்கேன் செய்யாமல் பயணத்தை முடிக்க முடியாதபடி வைத்தால் ஒருவரை உள்ளேயே மறந்துவிட்டுப் பூட்டும் வாய்ப்பு அடைபடும். சில நாடுகளில் பள்ளிப் பேருந்துகளின் பின்புறம் எச்சரிக்கை மணி வைத்து, ஓட்டுநர் கடைசி வரை நடந்து போய்தான் அதை அணைக்க முடியும் என்று செய்திருப்பது இதே நோக்கத்தில்தான்.

ஆணையும் நடைமுறையும் வேறு என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சான்று. 2015 ஏப்ரலில் ஃப்ரெடி கிரே என்ற இளைஞர் போலீஸ் வேனில் இருக்கைப்பட்டை போடாமல் கொண்டுபோகப்பட்டு, கழுத்துத் தண்டுவடக் காயத்தால் சில நாள்களில் இறந்தார். கைதிகளுக்குக் கட்டாயம் பட்டை போட வேண்டும் என்ற புதிய ஆணை அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் மின்னஞ்சலில் போயிருந்தது. அஞ்சல்பெட்டியில் கிடந்த ஆணை வேனுக்குள் போய்ச் சேரவில்லை. நல்ல செயலி அந்த ஆணையை ஏற்றும் வேலையின் ஒரு படியாகவே ஆக்கிவிடும். பட்டை போட்டாயிற்றா, மருந்து உறை கூட வந்ததா, இன்ஹேலர் யாரிடம் இருக்கிறது? இப்படி நான்கைந்து கேள்விகள் போதும். இருபது கேள்வி வைத்தால் ஊழியர் பார்க்காமலே தட்டிக்கொண்டு போவார், மறுபடி பொய்ப் பதிவேடுதான் மிஞ்சும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக: துறைக்குச் சொந்தமானது, தூசும் நீரும் தாங்குவது, வெயிலில் திரை தெரிவது, நாள் முழுவதும் சார்ஜ் நிற்பது அல்லது பேட்டரியை மாற்றிப் போட முடிவது, தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்க முடிவது. இதில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சரி, செயலியைத் தயாராக வாங்குவதா, நாமே செய்வதா? சிறைத் தரவுத்தளம் ஒழுங்காக இருந்து, நிரந்தரமான மென்பொருள் குழுவும் இருந்தால் நாமே செய்வது நல்லது. சட்டம் மாறும்போது, படிவம் மாறும்போது யாரிடமும் கெஞ்ச வேண்டாம். குழு இல்லாமல் ஒருவரை நம்பி ஆரம்பித்தால் அவர் போன மறுநாள் செயலி அனாதையாகும். அப்படிப்பட்ட துறைகள் தயாரானதை வாங்குவதே மேல். ஆனால் தயாரானதில் ஒரு பொறி உண்டு. பதிவுகள் நிறுவனத்தின் சேவையகத்தில், அவர்கள் வடிவத்தில் இருக்கும். ஒப்பந்தம் முடியும்போது எல்லாப் பதிவுகளும் தடங்களோடு படிக்கத்தக்க வடிவில் துறைக்குத் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையொப்பம் போடக் கூடாது. அவை வெறும் வாடிக்கையாளர் தரவு இல்லை, நீதிமன்றச் சாட்சியமாகப் போகக்கூடியவை.

காணொலி: கொண்டுபோகாமலே இருப்பது

வேனே வேண்டாம், சிறையிலிருந்தே திரையில் ஆஜராகட்டும் என்பது கடைசி வழி. இன்கார்வில் கொலைகளுக்குப் பிறகு பிரெஞ்சுச் சிறை ஊழியர் சங்கங்கள் கேட்டவற்றில் கைதிகளை வெளியே கொண்டுபோவதைக் குறைப்பதும் ஒன்று. அவர்கள் பக்கத்து நியாயம் வலுவானது. வெறும் தேதி மாற்றத்துக்காக ஒருவரை விடியற்காலையில் எழுப்பி, நாள் முழுக்க வேனிலும் லாக்கப்பிலும் வைத்து, ஒரு நிமிடம் நீதிபதி முன் நிறுத்தித் திரும்பக் கொண்டுபோவதில் யாருக்கும் நன்மை இல்லை.

ஆனால் இதன் விலையைக் கைதிதான் கொடுக்கிறார். அமெரிக்காவில் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்டியில் 1999-இல் பெரும்பாலான குற்ற வழக்குகளின் ஜாமீன் விசாரணையை மூடிய சுற்றுத் தொலைக்காட்சிக்கு மாற்றினார்கள். அப்படி மாறிய வழக்குகளில் சராசரி ஜாமீன் தொகை 51 சதவீதம் உயர்ந்ததாக 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 2008 இறுதியில், வழக்கு ஒன்றைத் தொடர்ந்து கவுன்டி நேரடி விசாரணைக்கே திரும்பிவிட்டது. முகத்துக்கு நேரே நிற்பவரிடம் காட்டும் கவனம் திரையில் தெரியும் சின்ன உருவத்துக்குக் கிடைப்பதில்லை. உடலில் அடிபட்ட காயம் திரையில் தெரியாது. காவலில் தன்னை அடித்ததைச் சொல்ல நினைப்பவர், அடித்தவர்கள் இருக்கும் கட்டடத்திலிருந்தே பேச வேண்டியிருக்கும்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவு இந்த இடத்தில் ஒரு கோடு போடுகிறது. போலீஸ் காவல் கேட்டால் முதல் முறையும் அந்தக் காவல் தொடரும் ஒவ்வொரு முறையும் நேரில் கொண்டுவந்தே ஆக வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்க மட்டும் நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்தலாம். கோடு போட வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். முதல் ஆஜர், ஜாமீன் வாதம், சாட்சி விசாரணை, தண்டனை எல்லாம் நேரில் நடக்கட்டும். காவல் நீட்டிப்பும் வாய்தா மாற்றமும் கைதி சம்மதித்தால் திரையில் நடக்கட்டும், அப்போதும் வழக்கறிஞரோடு தனியே பேச ஒரு இணைப்பு இருக்கட்டும்.

எதை எடுப்பது

சில வேன்களே உள்ள சிறிய வழிக்காவல் பிரிவு என்றால் பதிவேட்டை விட்டுவிடாமல் துறைக் கைபேசி, பார்கோடு பட்டை, இருவர் பதிவோடு கூடிய எளிய ஒப்படைப்புச் செயலி, வேனின் பின்பெட்டிக்குள் வெப்பமானி இவற்றோடு ஆரம்பிக்கலாம். ஜிபிஎஸ் பிறகு வரட்டும். அதை அந்தச் செயலியிலேயே சேர்த்துவிடலாம், தனிப் பெட்டியும் தனித் திரையும் வேண்டாம்.

பெரிய துறைக்கு என் தேர்வு, சிறைத் தரவுத்தளத்தோடு இணைந்த, சிக்னல் இல்லாமலும் ஓடும் ஒப்படைப்புச் செயலி, கூடவே காவல் நீட்டிப்புக்கு மட்டும் காணொலி. இணைப்பு வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து ஜிபிஎஸ் திரைக்குப் போய்விடாமல் இருப்பதுதான் கடினம். சோதனை ஓட்டத்தை வசதியான புதுக் கட்டடத்தில் வைக்காதீர்கள். இருப்பதிலேயே மோசமான அடித்தள லாக்கப்பில், வழக்குகள் குவியும் ஒரு நாளின் மாலையில் வையுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு வசதியைச் சேர்க்கச் சொல்லுவேன். விற்பவர்கள் அதைப் பட்டியலில் போடுவதில்லை, காரணம் அதைக் கேட்பவர்கள் கையில் பணம் இல்லை. தன்னை வேறு சிறைக்கு மாற்றியதைக் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு என்கிறது மண்டேலா விதிகளின் 68-ஆவது விதி. பொறுப்பு மாற்றம் பதிவாகும் செயலிக்கு, கைதி பெயர் கொடுத்த ஒருவருக்கும் அவர் வழக்கறிஞருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய வேலை இல்லை. பாதை, வண்டி எண், நேரம் எதுவும் அதில் இருக்காது. ஆள் சிறைக்கு வந்து சேர்ந்த பிறகு, எந்தச் சிறை, அடுத்த வாய்தா எந்தத் தேதி, இவ்வளவு மட்டும் போனால் போதும். இதை முதல் பதிப்பிலேயே கேட்டு வாங்குங்கள், இரண்டாம் பதிப்புக்குத் தள்ளிவைத்தால் வராமலே போய்விடும்.